ஐம்பதாவது பெயர்

அந்தப் பட்டியலில் ஒரு நாய்க்கு இடம் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

போன ஆவணியில் நியூ ஜெர்சியில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் மொன்றியலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் கார்ஸ்வெல் என்ற நகரத்தில் பஸ் அரை மணித்தியாலம் நிற்கும். பெரிய நகரமும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. ஒரு பல்கலைக்கழகம், மூடிக் கிடக்கும் நாலைந்து தொழிற்சாலைகள், புதிதாகக் கட்டிய பஸ் நிலையம். நகரத்துக்கு இருநூறு வயதாகிறதாம். அதைக் கொண்டாட, அந்த மண்ணோடு தொடர்புள்ள புகழ்பெற்ற ஐம்பது பேரின் பெயர்களை நிலையத்துச் சுவரில் பொறிக்கப் போகிறார்களாம்.

நாற்பத்தொன்பது பெயர்களைப் பலகையில் போட்டிருந்தார்கள். பேஸ்போல் வீரர்கள், செனற்றர் இரண்டு பேர், விண்வெளிக்குப் போய் வந்த ஒருத்தி, தொலைக்காட்சியில் முப்பது வருடம் காலநிலை சொன்ன ஒருவர், பல்லுக்குக் கம்பி கட்ட ஏதோ புது வழி கண்டுபிடித்த டொக்டர். நாற்பத்தோராவதாக அந்த நாய். 1931இல் தொலைந்து, முந்நூறு மைல் நடந்து வீடு வந்து சேர்ந்ததாம். ஐம்பதாவது பெயரைப் பொதுமக்கள் முன்மொழியலாம் என்று கீழே எழுதியிருந்தது.

நாயோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பாவம், அது கஷ்டப்பட்டு நடந்திருக்கிறது. ஆனால் எங்கள் கார்ஸ்வெல் அம்மா அந்தப் பலகையில் இல்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்காரன் கூப்பிடும் வரைக்கும் அதற்கு முன்னால் நின்று, மேலிருந்து கீழே மூன்று தரம் வாசித்தேன்.

1987 மாசி மாதம் கனடா ஒரு புதுச் சட்டம் போட்டது. எல்லையில் வந்து அகதி என்று கேட்டால், ஒரு திகதியைத் தந்து, அதுவரைக்கும் அமெரிக்காவிலேயே இரு என்று திருப்பி விட்டுவிடுவார்கள். கையில் ஒரு பை, காலில் மெல்லிய சப்பாத்து, வெளியே முழங்கால் அளவு பனி. அப்படி கார்ஸ்வெல் பஸ் நிலையத்தில் வந்து நின்ற எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களை ஒரு பெண்மணி தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாடசாலை ஒன்றின் சமையலறையில் வேலை செய்த விதவை. பிள்ளைகள் இல்லை. முதல் நாள் ஏழு பேர். அந்த வருடம் முடியும்போது இருநூறுக்கு மேல். சமைக்கிற குசினியின் சுவரில் தொங்கிய கலண்டரில் ஒவ்வொருவருடைய திகதிக்கும் நேரே பெயரை எழுதி வைத்திருப்பார். திகதி வந்தால் அதிகாலையில் எழுப்பி, இரண்டு சோடி காலுறை போட்டிருக்கிறோமா என்று குனிந்து பார்த்து, தன் பழைய காரில் இரண்டு மணித்தியாலம் ஓடி எல்லையில் கொண்டுபோய் விடுவார். சோறு குழையாமல் வடிக்கவும் எங்களிடம் பழகிக்கொண்டார். நான் அந்த வீட்டில் முப்பத்தைந்து நாள் இருந்தேன். எனக்கு அப்போது இருபது வயது.

இன்றைக்கு எனக்கு ஐம்பத்தெட்டு. பெயர் சிவமலர். கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளை மேய்க்கிறவள். அதனாலோ என்னவோ, ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். குணரத்தினம், அவர்தான் என் மனிசன், உயிரோடு இருந்தபோது என்னை உடும்பு என்றுதான் கூப்பிடுவார்.

மொன்றியலில், வில்லரேயில் இருக்கிற வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். நியமம் ஒன்றுதான். முன்மொழியப்படுகிறவர் செய்த காரியத்தைச் சொல்லும் அச்சிட்ட ஆதாரம் குறைந்தது இரண்டு வேண்டும். அதை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அச்சிட்ட ஆதாரமா? ஆரிடம் கேட்கிறார்கள்!

யாழ்ப்பாணத்து ஆட்களில் ஒருவர் கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாள் ஒரு புத்தகம் அடித்து, வருகிறவர்கள் கையில் கொடுப்போம். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, நல்ல வழுவழுப்பான தாள். தேவாரம் இருக்கும், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு இருக்கும், வம்ச விருட்சம் இருக்கும். மொன்றியலுக்கு அந்த வருடத்தில் வந்தவர்களின் வரலாற்றில் கார்ஸ்வெல் அம்மா இல்லாமல் இருக்கமாட்டார். அதுவும், கல்வெட்டை ஒருவரும் எறிவதில்லை. செத்தவரின் முகத்தை எப்படி மறுசுழற்சித் தொட்டிக்குள் போடுவது? வாங்கின எல்லாமே அலுமாரியில் கிடக்கும்.

இரண்டு கிழமை அலைந்தேன். ரொக்ஸ்பரோவுக்கு ரயிலில் போனேன். நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடிக்கு முழங்கால் நோக ஏறினேன். பார்க் எக்ஸ்ரென்ஷனில் வீட்டுக்கு வீடு தேத்தண்ணி குடித்து வயிறு ஊதிப்போனது. பதினேழு கல்வெட்டு சேர்ந்தது. பதினெட்டாவது என் மனிசனுடையது. அதை நானே இருந்து எழுதினேன். எழுதி ஆறு வருடம்.

ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஹர்ஷினியைப் பிடித்தேன். என் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளை. கம்பியூட்டர் கம்பனியில் வேலை. சனிக்கிழமை காலையில் மடிக்கணினியோடு கீழே வந்து, என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விறுவிறு என்று தட்டிக்கொண்டிருந்தாள். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் நின்றுபோனது.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம். இந்த அம்மா பேரு என்ன?"

"பேரோ?"

"ஆமா. ஒன்பது புக் முடிச்சுட்டேன். கார்ஸ்வெல் அம்மா, அன்னை, தெய்வத்தாய், வெள்ளைக்காரத் தாய்னு இருக்கு. ஒண்ணுல கருணைக்கடல்னு கூட போட்டிருக்காங்க. பேரு எதுலயும் இல்லயே?"

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "அதெப்பிடிப் பிள்ளை பேரை எழுதுறது? அவ என்ன எங்கடை வயசோ? ஒரு மரியாதை இல்லையோ?"

"மரியாதை சரி ஆன்ட்டி. ஆனா இதைப் படிக்கிறவங்களுக்கு யாருன்னு எப்படித் தெரியும்?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தேன். மிச்ச எட்டையும் இருவருமாகப் புரட்டினோம். இல்லை. கடைசியாக என் மனிசனுடைய கல்வெட்டைத் திறந்தேன். பதினோராம் பக்கம். 'கார்ஸ்வெல் நகரில் எம்மை அரவணைத்த அந்தப் பேரன்புத் தாயை எம் குடும்பம் என்றும் மறவாது.' நான் எழுதின வசனம். மறவாதாம். பெயரைக்கூட எழுதவில்லை, மறவாதாம். எனக்கு அந்தப் பெயர் தெரியும். அந்த வீட்டுத் தபால் பெட்டியில் முப்பத்தைந்து நாள் பார்த்த பெயர்.

வேர்னா ஹோல்கம்.

ஹர்ஷினியிடம் அதைக் காகிதத்தில் எழுதித்தான் காட்டினேன். வாயால் சொல்ல வரவில்லை.

பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் கார்ஸ்வெல் குழுவுக்கு ஒன்றையும் மறைக்காமல் எழுதினோம். நாலு நாளில் பதில் வந்தது. குழுத் தலைவி ஓய்வுபெற்ற நூலகர், நல்ல மனிசி. தானே தேடிப் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்து இணைத்திருந்தார். 2004 மாசியில் வந்த மரண அறிவித்தல். மூன்றே வரி. வேர்னா ஹோல்கம், வயது எண்பத்திரண்டு, பாடசாலைச் சமையற்காரர், முதியோர் இல்லத்தில் காலமானார். உறவினர் எவரும் இல்லை.

எங்கள் வீட்டுச் சாவுக்கு அறிவித்தல் போட்டால் மருமக்கள், பெறாமக்கள், பேரர், பூட்டர் என்று அரைப்பக்கம் போகும். அன்னாருக்கு எவரும் இல்லையாம். குசினியில் இருந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு மிச்சக் கடிதத்தை வாசித்தேன்.

தலைவி எழுதியிருந்தார்: 'எங்கள் தாளில் பெயர் இருக்கிறது, காரியம் இல்லை. உங்கள் புத்தகங்களில் காரியம் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டும் ஒரே ஆள் என்று, அவரை நேரில் அறிந்த மூன்று பேராவது குழுவின் முன் பெயர் சொல்லிச் சாட்சி சொன்னால் ஏற்றுக்கொள்வோம். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, காணொளியில்.' அன்றைக்கே வாக்கெடுப்பும் நடக்குமாம். எங்களோடு போட்டிக்கு, அந்த நகரத்தில் ஆறு கிளை திறந்த ஒரு டோனட் கடைக்காரரும் இருந்தார்.

மூன்று பேர். நான் ஒன்று. கனகவல்லி அக்கா, எழுபது வயது, லசாலில் இருக்கிறா, உடனே ஓம் என்றா. மூன்றாவது சண்முகலிங்கம் அண்ணை. அவருக்கு எண்பத்தொன்று. முதல் நாள் அந்த வீட்டுக்குப் போன ஏழு பேரில் இப்போது மிஞ்சியிருப்பது அவர் மட்டும். தைக்கிற தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர். ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு நன்றாக வரும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் என் வீட்டு விறாந்தை அறையில் ஒத்திகை பார்த்தோம். நான் கார்டெரிக் குரலில் தொடங்கினேன்.

"அண்ணை, நீங்கள் முதல்லை பேரைச் சொல்லவேணும். முழுப்பேர். அம்மா எண்டு சொல்லக்கூடாது."

"விளங்குது பிள்ளை."

"எங்கை, சொல்லுங்கோ பாப்பம்."

அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். தொண்டையைச் செருமினார். "கார்ஸ்வெல் அம்மா எண்டவ..."

"அண்ணை!"

"சரி, சரி. பொறு. அந்த வீட்டுக்கார அம்மா..."

கனகவல்லி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அண்ணைக்கு வேர்த்துவிட்டது. கம்பளித் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சிவமலர், எனக்குச் சோறு போட்ட மனிசி. என்னைப் பெத்தவவின்ரை பேரையே நான் ஒரு நாளும் வாயாலை சொன்னதில்லை. இவவின்ரை பேரை எப்பிடிச் சொல்லுறது? வாயிலை வருகுதில்லை."

"வராட்டில் டோனட் கடைக்காரன் சுவரிலை ஏறுவான். உங்களுக்குச் சம்மதமோ?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் பின்வாங்கவும் மனம் வரவில்லை. இருபத்தொரு வருடம் பிந்திவிட்டோம். இன்னும் எத்தனை பேர் மிஞ்சியிருப்போம் என்று காத்திருப்பது?

சனிக்கிழமை ஒன்பதரைக்கே அண்ணை வாசலில் நின்றார். கோட்டும் டையும். கலியாணத்துக்கு உடுக்கிறவை. தலையில் மட்டும் அதே கம்பளித் தொப்பி. "வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விடுவனோ?" என்றார். நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டேன்.

ஹர்ஷினி மடிக்கணினியை மூன்று புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே சோபாவில் நெருக்கி இருந்தோம். பத்து மணிக்குத் திரையில் ஐந்து முகங்கள் வந்தன. தலைவி நடுவில். அவருக்குப் பக்கத்தில், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்த ஒரு மனிதர். எங்களை ஏதோ பழுது பார்க்க வந்தவர்போலப் பார்த்தார்.

கனகவல்லி அக்கா மனப்பாடம் செய்த பிள்ளைபோல ஒரே மூச்சில் பெயரையும் வீதியையும் ஒப்பித்து, அந்த வீட்டில் தன் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடிய இருந்து பார்த்ததைச் சொன்னா. அடுத்தது அண்ணை.

"மதாம்..." என்று பிரெஞ்சில் தொடங்கினார். பிறகு தமிழுக்கு வந்தார். ஹர்ஷினி மொழிபெயர்த்தாள். "நான் சண்முகலிங்கம். முதல் நாள் ஏழு பேர் போனம். எங்களுக்குக் கதவைத் திறந்தவ..."

"பெயரைச் சொல்ல முடியுமா, ஐயா?" தலைவி மெதுவாகத்தான் கேட்டார்.

அண்ணை தொப்பியைக் கழற்றினார். கண்ணை மூடினார்.

"வேர்னா ஹோல்கம்," என்றார். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார், கோயிலில் போடுவதுபோல. திரையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

மூன்றாவது நான். என் பெயர், அவர் பெயர், வீட்டிலக்கம், கலண்டர், காலுறை எல்லாவற்றையும் என் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். பெயர் தடக்கவில்லை. பாஸ் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் மூக்குக்கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார்.

"ஒரு கேள்வி. இந்த மரண அறிவித்தலில் உறவினர் எவரும் இல்லை என்று இருக்கிறது. இருநூறு பேரைப் பார்த்தவர் என்கிறீர்கள். உங்களுக்கும் அவருக்கும் இடையில் மூன்றரை மணித்தியால தூரம். அவர் இல்லத்தில் கிடந்தபோது நீங்கள் எல்லாரும் எங்கே இருந்தீர்கள்?"

ஹர்ஷினி என்னைப் பார்த்தாள். வேலை, பிள்ளைகள், அகதிக் கடதாசி இல்லாமல் எல்லை தாண்ட முடியாத வருடங்கள் என்று சொல்லலாம். எல்லாமே பாதி உண்மை. ஆனால் முத்திரை ஒட்டிக் கடிதம் போடக் கடவுச்சீட்டு தேவையில்லை. நான் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னேன். ஹர்ஷினி ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"இஞ்சைதான் இருந்தம். ஒருத்தரும் வரேல்லை. ஒரு கடிதமும் போடேல்லை. செத்தது இந்தக் கிழமைதான் தெரியும்.

"ஐயா, என்ரை திகதி பங்குனி இருபத்திமூண்டு. அவ என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டா. உள்ளை போனன். ஒரு கடதாசி குறையுது எண்டு நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு திருப்பி விட்டுட்டாங்கள். வெளியிலை பனி கொட்டுது. எங்கை போறது எண்டு தெரியாமல் வாறன், அவவின்ரை கார் அப்பிடியே நிக்குது. உள்ளுக்குப் போர்வையைச் சுத்திக்கொண்டு இருக்கிறா. ஏன் போகேல்லை எண்டு கேட்டன். பொழுதுபடும்வரைக்கும் எப்பவும் நிக்கிறனான் எண்டா. நீ வெளியிலை வராட்டில் உன்னை விட்டுட்டாங்கள் எண்டு அர்த்தம், பேந்து நான் சந்தோசமாய் வீட்டை போவன் எண்டா. எல்லாருக்கும் அப்பிடித்தான் நிண்டிருக்கிறா. உள்ளை போனவைக்கு அது தெரியாது. திருப்பி அனுப்பின என்னைப்போல ஆக்களுக்குத்தான் தெரியும்.

"அடுத்த கிழமை என்னை விட்டுட்டாங்கள். நான் திரும்பிப் பாக்கேல்லை. நாங்கள் வராமல் இருக்கிறதே அவவுக்கு நல்ல செய்தி எண்டு நினைச்சிட்டம். முப்பத்தெட்டு வருசமாய் அப்பிடியே இருந்திட்டம். அதுக்கு மரியாதை எண்டு நாங்களே ஒரு பேர் வைச்சம். மரியாதை இல்லை ஐயா. பேரை எழுதினால் விலாசமும் ஞாபகம் வந்திருக்கும். விலாசம் ஞாபகம் வந்தால் எழுதியிருக்க வேண்டி வந்திருக்கும். நாங்கள் செய்தது பிழை. எங்கடை பிழைக்காக அவவைச் சுவரிலை ஏத்தாமல் விடாதேங்கோ."

ஹர்ஷினியின் குரல் கடைசி வசனத்தில் உடைந்தது. கனகவல்லி அக்கா என் கையைப் பிடித்தா, விரல்கள் நோகும் அளவுக்கு. கெட்டுது குடி, நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. திருப்பிக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

திரையில் சத்தத்தை நிறுத்திவிட்டு ஐந்து பேரும் பேசிக்கொண்டார்கள். வாய்கள் அசைந்தன. மூக்குக்கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு தலைவி ஏதோ கேட்க, ஒரு கை உயர்ந்தது. இன்னொன்று. மூன்று. கடைசியாக மூக்குக்கண்ணாடிக்காரருடையது.

சத்தம் திரும்ப வந்தது. தலைவி ஒரு தாளைக் கையில் எடுத்து, நிதானமாக வாசித்தார்.

"ஐம்பதாவது பெயர். வேர்னா ஹோல்கம்."

சண்முகலிங்கம் அண்ணை சோபாவின் கைப்பிடியை ஊன்றிக்கொண்டு எழும்பினார். அவர் எழும்பக் கனகவல்லி அக்காவும் எழும்பினா. நானும் எழும்பினேன். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. கார்ஸ்வெல் வீட்டில் அம்மா அறைக்குள் வந்தால் நாங்கள் அப்படித்தான் எழும்புவோம், இருங்கோ இருங்கோ என்று கையைக் காட்டிக்கொண்டே வருவார்.

திரையின் மூலையில் எங்கள் படம் தெரிந்தது. தலை ஒன்றும் இல்லை. அண்ணையின் டையும் எங்கள் இரண்டு பேரின் வயிறும்தான். ஹர்ஷினி பதறிப்போய், கமராவை நிமிர்த்தக் கையை நீட்டினாள்.

"விடு பிள்ளை," என்றேன். "கொஞ்ச நேரம் நிண்டுபோட்டு இருக்கிறம்."